அக்ரிமெண்ட் உங்களிடம், நிலம் பெரியவரிடம்: பல்லடம் வாசகருக்குப் பதில்

கேள்வி: சார், எனக்கு வயது 34. திருப்பூரில் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன், நான்கு வருடமாக நிலம் வாங்கி விற்கிறேன். பல்லடம் பக்கம் ஒரு கிராமத்தில் பெரியவர் ஒருவரிடம் 1 ஏக்கர் 20 சென்ட் தோட்டத்துக்கு, சென்ட் ஒன்றரை லட்சம் வீதம், 100 ரூபாய் பத்திரத்தில் ஆறு மாத அக்ரிமெண்ட் எழுதி 15 லட்சம் அட்வான்ஸ் கொடுத்திருக்கிறேன். பதிவு செய்யவில்லை. 5 லட்சம் என் பணம், 10 லட்சம் பெரியப்பா பையனிடமும் ஒரு நண்பரிடமும் மாதம் 2 வட்டிக்கு வாங்கியது. இரண்டு மாதம் ஓடிவிட்டது. துபாயில் வேலை பார்க்கும் கிளையண்ட் ஒருவர் தன் பேரில் 40 சென்ட் கேட்கிறார். சென்ட் 1.90 லட்சத்துக்குப் பேசி முடித்து, அவருடைய மாமனார் 2 லட்சம் ரொக்கமாக டோக்கன் கொடுத்துவிட்டார். இப்போது பெரியவரின் தங்கை, 'என் கையெழுத்து இல்லாமல் எப்படி விற்பீர்கள்' என்கிறார். நிலம் அவர்கள் அப்பா சம்பாதித்தது. அவர் 1998-ல் இறந்தார், உயில் இல்லை, பட்டா பெரியவர் பேரில் மட்டும் இருக்கிறது. கிளையண்டிடம் தங்கை விஷயத்தைச் சொல்ல வேண்டுமா? அவர் ஓனர் நம்பர் கேட்கிறார், கொடுத்தால் என்னை விட்டுவிட்டு நேராகப் பேசிவிட மாட்டார்களா? அக்ரிமெண்டுக்குப் பதில், அவர் சார்பில் நானே விற்கும்படி பவர் பத்திரம் வாங்கிவிடலாமா? என் லாபத்தைப் பத்திரத்தில் எப்படிக் காட்டுவது?

பதில்:

தம்பி, நீங்கள் நான்கு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். கேட்காமல் விட்ட ஐந்தாவதுதான் பெரியது, அதனால் அதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

உங்கள் கிளையண்ட் துபாயில் வேலை பார்க்கிறவர், அதாவது என்.ஆர்.ஐ. நீங்கள் விற்பது தோட்டம், விவசாய நிலம். என்.ஆர்.ஐ. ஒருவர் இந்தியாவில் வீடு வாங்கலாம், அங்கீகாரம் பெற்ற மனை வாங்கலாம், கடை வாங்கலாம். விவசாய நிலம், எஸ்டேட், பண்ணை வீடு மூன்றையும் விலை கொடுத்து வாங்க அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் விடுவதில்லை. தமிழ்நாட்டில் விவசாயி அல்லாதவர்களும் விவசாய நிலம் வாங்கலாம் என்பதால் நம் ஊரில் பலரும் இதை யோசிப்பதே இல்லை, பத்திரமும் பதிவாகிவிடுகிறது. ஆனால் பதிவாகிவிட்டது என்பதால் தப்பு சரியாகிவிடாது. பிறகு மாட்டினால் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் போடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அது விழுவது அவர் தலையில்தான், ஆனால் அவர் முதலில் போன் போடப்போவது உங்களுக்கு.

'சரி, அப்பா பேரில் வாங்கிக்கொள்ளட்டும், மாமனார் பேரில் வாங்கிக்கொள்ளட்டும்' என்று உடனே வழி சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். இவர் பணத்தில் இன்னொருவர் பேரில் வாங்கினால் பினாமிச் சட்டம் எட்டிப்பார்க்கும். அப்பாவுக்கு உண்மையாகவே பணத்தைக் கொடுத்து, அப்பா தனக்கென்று வாங்கினால் அது அப்பாவின் சொத்து, நாளைக்கு அதில் கூடப் பிறந்தவர்களுக்கும் பங்கு வரும். அது அவர் குடும்பம் முடிவு செய்ய வேண்டிய விஷயம். 'சார், இது தோட்டம், உங்கள் பேரில் வாங்க முடியாது என்று தெரிகிறது, உங்கள் வக்கீலிடமோ ஆடிட்டரிடமோ கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்' என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். டீல் போகலாம். ஆனால் உங்களிடம் இன்னும் நான்கு மாதம் இருக்கிறது, வேறு பார்ட்டி பார்க்க அது போதும்.

இனி தங்கை. கிளையண்டிடம் சொல்ல வேண்டுமா என்று கேட்கிறீர்கள். இவரிடமும் சரி, அடுத்து வருகிறவரிடமும் சரி, கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் அந்தம்மாவின் பங்கு எவ்வளவு என்று நீங்கள் கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா என்று சந்தேகமாக இருக்கிறது. அப்பாவின் சுய சம்பாத்தியம், உயில் இல்லை, 1998-ல் இறந்தார் என்றால் 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சமபங்கு. பெண்ணுக்குப் பங்கு 2005-க்குப் பிறகுதான் வந்தது என்று டீக்கடையில் சொல்வார்கள். அது பூர்வீகச் சொத்தில் பிறப்பாலேயே வரும் உரிமையைப் பற்றியது. தமிழ்நாட்டில் அதுவே 1989-ல் கல்யாணம் ஆகாத பெண்களுக்கு வந்துவிட்டது, 2005 திருத்தத்தை 2020-ல் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாக்கியது. உங்கள் கேஸில் அந்த விவாதமே தேவையில்லை. அம்மாவும் இறந்துவிட்டார், வேறு பிள்ளைகள் இல்லை என்றால் அந்தத் தங்கைக்குப் பாதி. 120 சென்டில் 60 சென்ட், உங்கள் விலையில் 90 லட்சம் ரூபாய். பட்டா அண்ணன் பேரில் இருப்பது இதை மாற்றாது, பட்டா மட்டும் உரிமையைத் தந்துவிடாது. ஆக நீங்கள் 15 லட்சம் கொடுத்து எழுதி வாங்கியிருப்பது, கறாராகப் பார்த்தால், பெரியவருடைய பாதிக்கான அக்ரிமெண்ட்.

இந்த இடத்தில் இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் வழக்கமாகச் செய்வது ஒன்று உண்டு. ஊரில் பெரிய மனுஷன் ஒருவரைப் பிடித்து, அந்தம்மாவிடம் ஐம்பதாயிரமோ ஒரு லட்சமோ கொடுத்து, என்ன பத்திரம் என்று படித்துக் காட்டாமல் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது. அப்படி வாங்கிய பத்திரம் அந்தம்மாவின் மகனோ மருமகனோ ஒரு வக்கீலிடம் போகும் வரைதான் நிற்கும். நானே அந்தப் பக்கம் நின்று நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

நீங்கள் நேராகப் போங்கள். பெரியவரையும் கூட்டிக்கொண்டு, முடிந்தால் உங்கள் வீட்டுப் பெண்கள் யாரையாவது கூட வைத்துக்கொண்டு போங்கள். 'அம்மா, உங்களுக்குப் பாதி இருக்கிறது, எனக்குத் தெரியும். அண்ணனுக்குச் சொன்ன அதே விலைதான் உங்களுக்கும், பணம் உங்கள் பேங்க் கணக்குக்கே வரும், பத்திரத்தில் நீங்களும் விற்பவராகக் கையெழுத்துப் போட வேண்டும்' என்று சொல்லுங்கள். அண்ணன் தங்கைக்குள் வேறு கணக்கு இருந்தால், எனக்கு இருபது லட்சம் போதும், மீதி அண்ணனே வைத்துக்கொள்ளட்டும் என்று அந்தம்மாவே சொன்னால், அது அவர்கள் விஷயம். அப்போது அண்ணன் பேருக்கு விடுதலைப் பத்திரம் பதிவு செய்துகொள்ளட்டும், குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத் தீர்வைக்கு உச்சவரம்பு உண்டு, செலவு பெரிதாக வராது. எதுவானாலும் தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்று அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தனித்தனியாக வாங்கிப் பாருங்கள். 'இன்னொரு அண்ணன் இருந்தார், சின்ன வயதிலேயே போய்விட்டார், அவர் பையன் பெங்களூரில் இருக்கிறான்' என்பது போன்ற செய்தி எல்லாம் அந்தச் சான்றுக்கு வி.ஏ.ஓ. விசாரிக்கும்போதுதான் வெளியே வரும்.

அந்தம்மா கடைசி வரை சம்மதிக்கவே இல்லை என்றால் இந்த நிலத்தை விடுங்கள். பெரியவரிடம் அட்வான்ஸைத் திரும்பக் கேளுங்கள், இழுத்தடித்தால் வக்கீல் நோட்டீஸ் விடுங்கள். பிரிக்காத பாதியை வாங்கிப் பாகப்பிரிவினை வழக்கு நடத்துவதெல்லாம் 2 வட்டிப் பணத்தில் செய்யும் வேலை இல்லை.

அவர் சம்மதித்தார் என்று வைத்துக்கொண்டு மேலே பேசுகிறேன். இப்போது இருக்கும் அக்ரிமெண்டை ரத்து செய்து, கொடுத்த 15 லட்சத்தைக் குறிப்பிட்டு, இருவரும் கையெழுத்துப் போடும் புது அக்ரிமெண்ட் எழுதி, சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் பதிவு செய்யுங்கள். 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பதிவு செய்யாத அக்ரிமெண்டை வைத்தும் ஏற்றதை ஆற்றும் வழக்கு, அதாவது பேசியபடி எழுதிக்கொடு என்று கேட்கும் வழக்கு, போடலாம், அதைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் ஒரு தமிழ்நாட்டு வழக்கிலேயே சொன்னது உண்மைதான். ஆனால் நீங்கள் கோர்ட்டுக்குப் போவதற்காகவா தொழில் செய்கிறீர்கள்?

பதிவில் உங்களுக்குக் கிடைக்கும் நிஜமான லாபம் வேறு. பதிவான அக்ரிமெண்ட் வில்லங்கச் சான்றில் (ஈ.சி.) ஏறிவிடும். நாளைக்கு எந்தப் பார்ட்டி ஈ.சி. போட்டுப் பார்த்தாலும் உங்கள் பெயர் அதில் இருக்கும். உங்களைத் தாண்டிப் போய் ஓனரிடம் கிரயம் வாங்க எந்த வக்கீலும் லீகல் ஒப்பீனியன் கொடுக்க மாட்டார், எந்த பேங்கும் கடன் தராது. உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் இதுதான். ஓனர் நம்பரை ஒளித்து வைக்க வேண்டியிருப்பதே உங்கள் கையில் 100 ரூபாய்ப் பத்திரம் மட்டும் இருப்பதால்தான். பதிவு செய்துவிட்டால் நம்பர் என்ன, நீங்களே கிளையண்டைக் கூட்டிக்கொண்டு போய்ப் பெரியவர் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்து மோர் வாங்கிக் கொடுக்கலாம். மறைக்கிற வரைக்கும் கிளையண்ட் உங்களைச் சந்தேகப்படத்தான் செய்வார், அவர் இடத்தில் நீங்கள் இருந்தாலும் அப்படித்தான்.

புது அக்ரிமெண்டில் ஒரு வரியை மட்டும் பத்திர எழுத்தர் கையில் விடாமல் நீங்களே படித்துப் பாருங்கள்: 'இரண்டாம் பார்ட்டி தன் பேரிலோ, தான் குறிப்பிடும் நபர் அல்லது நபர்கள் பேரிலோ, முழுவதுமாகவோ பகுதி பகுதியாகவோ கிரயம் பெற்றுக்கொள்ளலாம்.' இதில் 'பகுதி பகுதியாகவோ' இல்லை என்றால் 40 சென்டை மட்டும் எழுதிக் கொடுக்கும்போது பெரியவர், 'மொத்தமாக முடித்தால் எழுதுகிறேன்' என்று நின்றுவிடலாம், அவர் மேல் தப்புச் சொல்ல முடியாது. அளந்து வருகிற அளவுக்குத்தான் பணம் என்றும் சேருங்கள், பத்திரத்தில் 1.20 என்று இருந்து சர்வேயர் சங்கிலி 1.16-ல் நின்றால் நான்கு சென்ட், ஆறு லட்சம். கெடுவையும் இன்று முதல் புதிதாக ஆறு மாதம் என்று கேட்டுப் பாருங்கள், தங்கை விஷயத்தைச் சொல்லாமல் விட்டது அவர்கள் பக்கம் என்பதால் கொடுப்பார்கள். வாங்கத் தயாராக இருந்தேன், பணமும் இருந்தது என்று காட்ட வேண்டிய பொறுப்பு உங்களுடையது என்பதையும் மறக்காதீர்கள். கெடு முடியும் வாரத்தில் கிளையண்டைத் தேடிக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் எந்தக் கோர்ட்டும் கேட்காது.

பவர் கேட்டீர்கள். வேண்டாம் என்பதுதான் என் கருத்து. பவர் வாங்கினால் நிலம் உங்களுக்கு வந்துவிடாது, இதை உச்ச நீதிமன்றம் 2011-லேயே சூரஜ் லேம்ப் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. குடும்பத்துக்கு வெளியே இருப்பவருக்குப் பொது அதிகாரம் கொடுத்தால் 2023 ஜூலை முதல் பதிவுக் கட்டணமே சொத்து மதிப்பில் 1 சதவீதம், உங்கள் விலைக்கு 1.80 லட்சம். எழுதிக் கொடுத்தவர் இறந்தால் சாதாரண பவர் அதோடு முடிந்தது. ஒவ்வொரு கிரயத்துக்கும் அவர் உயிரோடு இருக்கிறார் என்று சான்று கொண்டுவரச் சொல்வார்கள். பெரியவரால் ஆபீசுக்கு வரவே முடியாது என்றால் அவர் தன் மகனுக்கோ மகளுக்கோ பவர் கொடுக்கட்டும், செலவும் குறைவு. வாங்குகிறவருக்கும் ஓனர் வீட்டு ஆளே வந்து கையெழுத்துப் போட்டால் தைரியமாக இருக்கும்.

லாபக் கணக்குக்கு வருவோம். உங்கள் பேரில் முதலில் கிரயம் வாங்கிப் பிறகு விற்கலாம், அதுதான் சுத்தமான வழி. ஆனால் 9 சதவீதம் பத்திரச் செலவு, 1.80 கோடிக்கு 16.20 லட்சம், அப்புறம் வாங்குகிறவர் மறுபடி 9 சதவீதம். அதனால்தான் எல்லோரும் அக்ரிமெண்டிலேயே கைமாற்றி விடுகிறார்கள். அப்படி விடும்போது நடக்கிற கூத்து என்னவென்றால், 40 சென்டுக்கு ஓனருக்குச் சேருவது 60 லட்சம், கிளையண்ட் கொடுப்பது 76 லட்சம், நடுவில் இருக்கும் 16 லட்சம் எங்கேயும் எழுதப்படாமல் கவரில் போய்விடுகிறது. அல்லது பத்திரத்தில் 76 என்று எழுதி, பெரியவர் கணக்கில் மொத்தப் பணமும் ஏறி, அவர் 16-ஐ எடுத்து உங்களிடம் கொடுக்கிறார்; வருமான வரி நோட்டீஸ் வந்தால் அந்த 16-க்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

அதற்குப் பதில் கிரயப் பத்திரத்தில் நீங்களும் சம்மதிக்கும் பார்ட்டியாக, கன்ஃபர்மிங் பார்ட்டி என்பார்களே, அப்படிச் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள். மொத்தக் கிரயம் 76 லட்சம், அதில் அண்ணன் தங்கைக்கு இன்ன காசோலையில் 60, அக்ரிமெண்ட் உரிமையை விட்டுக்கொடுப்பதற்காக உங்களுக்கு இன்ன காசோலையில் 16 என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். வாங்குகிறவருக்குப் பத்திரச் செலவு 76-க்கு, 6.84 லட்சம் வரும், அதை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். அவர் கொடுத்த ஒவ்வொரு ரூபாயும் பத்திரத்தில் இருக்கும், நாளைக்கு அவர் விற்கும்போது அதுதான் அவருக்குக் கை கொடுக்கும். உங்கள் 16 லட்சம் தொழில் வருமானம், வரி கட்ட வேண்டும், அதில் 2 வட்டிச் செலவைக் கழித்துக்கொள்ள ஆடிட்டர் வழி சொல்வார். 'என் மார்ஜின் பார்ட்டிக்குத் தெரிந்துவிடுமே' என்று நீங்கள் முனகுவது இங்கே கேட்கிறது. தெரியட்டுமே. தங்கையைப் பேசி உட்கார வைத்து, அளந்து, கல் நட்டு, நான்கு மாதம் பணத்தை முடக்கியவருக்கு அந்த லாபம் நியாயம் என்று சொல்ல வாய் வரவில்லை என்றால் விலை அதிகமாகப் பேசிவிட்டீர்கள் என்று அர்த்தம். ஒன்று மட்டும், மார்ஜினும் எடுத்துக்கொண்டு அதே ஆளிடம் தனியாக 2 சதவீதம் கமிஷனும் கேட்காதீர்கள்.

பெரியவருக்கு வரி வருமா என்று அவரே உங்களைக் கேட்பார். நிலம் பல்லடம் நகராட்சி எல்லையிலிருந்து 2 கிலோமீட்டருக்கும் திருப்பூர் மாநகராட்சி எல்லையிலிருந்து 6 கிலோமீட்டருக்கும் வெளியே, காக்கை பறக்கும் நேர்த் தூரத்தில், இருந்தால் அது கிராமப்புற விவசாய நிலம், மூலதன ஆதாய வரி இல்லை. வாங்குகிறவர் 1 சதவீத டி.டி.எஸ். பிடிப்பதும் அப்படிப்பட்ட நிலத்துக்குக் கிடையாது; எல்லைக்குள் வந்து விலை 50 லட்சத்தைத் தொட்டால் பிடிக்க வேண்டும்.

அந்த 2 லட்சம் ரொக்க டோக்கனைச் சீக்கிரம் சரி செய்யுங்கள். சொத்து விற்பனைக்கு அட்வான்ஸாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று 2015 ஜூனிலிருந்து சட்டம். வாங்கியவருக்குத்தான் அபராதம், அதுவும் வாங்கிய அளவுக்கே. டீல் நடந்ததா இல்லையா என்பது பேச்சே இல்லை. திருப்பிக் கொடுப்பதையும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், மாமனார் கணக்குக்கு பேங்க் வழியாக அனுப்பி, என்ன காரணம் என்று ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் வேறு வழியில் தொடர்ந்தால் புதிதாக பேங்க் வழியாகவே வாங்குங்கள்.

அடுத்த கிளையண்டிடம் பணம் வாங்கும் முன் இப்படி ஒரு வாட்ஸ்அப் போட்டுவிடுங்கள்: 'சார், இந்த நிலம் என் பேரில் இல்லை. ஓனர்கள் அண்ணன் தங்கை இருவர், அவர்களோடு எனக்குப் பதிவு செய்த அக்ரிமெண்ட் இருக்கிறது, இன்ன தேதி வரை செல்லும். நான் உங்களுக்கு புரோக்கர் இல்லை, என் லாபம் விலையிலேயே இருக்கிறது. இன்ன தேதிக்குள் கிரயம் நடக்கவில்லை என்றால் உங்கள் அட்வான்ஸ் பேங்க் வழியாகத் திரும்ப வரும்.' கிளையண்ட் ஓடிவிடுவார் என்று நினைக்கிறீர்கள். அரைகுறையாக ஆசைப்பட்டவர் ஓடுவார், பணத்தோடு வருகிறவர் பேப்பரைக் கேட்பார். கேட்டவருக்கு மூலப்பத்திரம், ஈ.சி., பட்டா சிட்டா, புலப்படம், வாரிசுச் சான்று எல்லாவற்றின் நகலையும் கொடுத்து, அவருடைய வக்கீலிடமே லீகல் பார்க்கச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரிந்த வக்கீலை நீங்கள் சிபாரிசு செய்யாதீர்கள், அது நானாக இருந்தாலும்.

பெரியப்பா பையனுக்கும் நண்பருக்கும் பணம் எதற்குப் போயிருக்கிறது, தங்கை விஷயம் என்ன என்று இன்றைக்கே சொல்லுங்கள். அவர்களும் உங்கள் கிளையண்டுகள்தான், அதுவும் மற்றவர்களை விட அதிகமாக நம்பியவர்கள். இரண்டு பேரிடம் ஒரு டீலுக்காக பேங்க் வழியாக வாங்கி புரோநோட்டு எழுதிக் கொடுத்தால் அது கடன். இது நன்றாகப் போகிறதே என்று மாதம் 2 சதவீதம் தருகிறேன் என்று ஊரெல்லாம் பணம் வாங்க ஆரம்பித்தால் 2019-ஆம் வருட முறைப்படுத்தப்படாத டெபாசிட் தடைச் சட்டத்துக்குள் வந்துவிடுவீர்கள், தமிழ்நாட்டில் டெபாசிட் போட்டவர்களைப் பாதுகாக்கும் டான்பிட் சட்டமும் 1997-லிருந்தே இருக்கிறது. கோயம்புத்தூர் டான்பிட் கோர்ட் வராந்தாவில் நிற்கிறவர்களில் பலரும் மோசடி செய்யவென்றே கிளம்பியவர்கள் இல்லை. பங்காளியாகச் சேர்ப்பதானால் லாப நஷ்டம் இரண்டிலும் பங்கு என்று எழுதிச் சேருங்கள்.

கடைசியாக, மீதி 80 சென்டைப் பற்றி. அந்த 40 சென்டை ரோட்டோரம் கொடுத்துவிட்டுப் பின்னால் இருப்பதை மனை போடலாம் என்று கணக்கு வைத்திருந்தால் இரண்டு விஷயம். 500 சதுர மீட்டருக்கு மேல், அதாவது 12 சென்டுக்குக் கொஞ்சம் மேலே போனாலே, மனை பிரித்து விற்க லேஅவுட் அங்கீகாரத்தோடு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவும் வேண்டும். அங்கீகாரம் இல்லாத மனையை இப்போது பதிவு செய்ய மாட்டார்கள். இன்னொன்று, பின்னால் போகத் தடம் எங்கே? மூலப்பத்திரத்தில் 'மாமூல் வண்டித்தடத்தில் போக்குவரத்துப் பாத்தியம்' என்று மட்டும் இருந்தால் மாட்டு வண்டி போகும், லேஅவுட் கேட்கும் அகலத்துக்கு ரோடு வராது. முன் 40 சென்ட் கிரயத்தில் உங்களுக்குத் தேவையான அகலத்தைத் தெற்கு வடக்கு இத்தனை அடி என்று அளவோடு ஒதுக்கி எழுதிவிட்டுத்தான் கொடுங்கள். கிணற்றில் யார் யாருக்கு எத்தனை பங்கு, மோட்டார் சர்வீஸ் யார் பேரில் இருக்கிறது, அப்பா பேரிலேயே ஓடிக்கொண்டிருக்கிறதா என்பதையும், அந்தம்மாவைப் பார்க்கப் போகும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள். அந்தக் குடும்பத்தில் அந்தப் பழைய கணக்கெல்லாம் பெரியவரை விட அந்தம்மாவுக்குத்தான் நன்றாகத் தெரிந்திருக்கும்.